சாக்கைக் கட்டுவதற்கு முன்: தச்சுப் பட்டறைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை பார்க்கும் தோழர்களுக்கும், தொழில் பழக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும்:

ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்கு முந்தின நாள் நம் பட்டறைகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒட்டடை அடிப்போம். மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவோம். உளிகளைத் தீட்டி வரிசையாக அடுக்குவோம். வருஷம் முழுக்க மூலையில் சேர்ந்த துண்டுக் கட்டைகளைச் சாக்கில் அள்ளிக் கட்டுவோம். அந்தச் சாக்கு டீக்கடைக்கோ, யாராவது வீட்டு வெந்நீர் அடுப்புக்கோ போய்விடும். நானும் முப்பது வருஷம் அப்படி அனுப்பியவன்தான். இந்த வருஷம் நீங்கள் சாக்கின் வாயைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

செங்கோட்டைப் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. சில வருஷங்களுக்கு முன்பு பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். வீட்டுக்காரர் வாசல் நிலையையும் கதவையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, "அண்ணாச்சி, இதை அறுத்துப் புது வீட்டுக்கு ஜன்னல் செஞ்சு தாங்க" என்றார். நல்ல தேக்கு. வெள்ளையே இல்லாத வைரக் கட்டை. அத்தனை வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகும், அறுத்தபோது தேக்கின் வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. ஜன்னல் செய்து மாட்டினோம். கூலி வாங்கினோம். கணக்கு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். வெளியூரில் இருக்கும் அவர் அக்கா ஊருக்கு வந்திருக்கிறாராம். "அம்மா வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சள் பூசின நிலை அது. அதுல ஒரு துண்டு கிடைக்குமான்னு அக்கா கேக்கா, அண்ணாச்சி" என்றார். மூலையெல்லாம் தேடினோம். சாக்கு முந்தின வாரமே போயிருந்தது. ஒரு சாண் கட்டைகூட மிஞ்சவில்லை. அவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது என் மரம் அல்ல, அவர் வீட்டு மரம். அதன் மீதியை எரிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் பட்டறையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சாக்கு. ஒரு சாணுக்கு மேல் உள்ள எந்தத் துண்டும் அதில்தான் விழ வேண்டும். துண்டின் தலைப்பில் பென்சிலால் வீட்டுக்காரர் பெயரும் மரத்தின் பெயரும் எழுதிவிடுவோம். செய்த சாமானைக் கொண்டுபோய் மாட்டுகிற அன்று, அதே மரத்தின் மீதியில் செய்த ஒரு சின்னப் பொருளை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். அதற்கு விலை கிடையாது. பில்லில் எழுதுவதும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பதும் இதுதான். ஒரு வீட்டு மரத்தின் மீதியில், அந்த வீட்டுக்கு நாளும் உதவுகிற மாதிரி ஒரே ஒரு பொருள் செய்து கொடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மரத்தைக் கன அடிக் கணக்கில் வாங்குகிறோம். 9 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள துண்டு நம் மூலையில் எப்போதும் கிடக்கும். அப்படி 64 துண்டு சேர்ந்தால் சரியாக ஒரு கன அடி. கடைக்காரர் பலகையாகப் போகிற பாகத்துக்கு ஒரு விலையும் துண்டாகப் போகிற பாகத்துக்கு ஒரு விலையும் போடுவதில்லை. வீட்டுக்காரர் முழு விலை கொடுத்த மரத்தைத்தான் நாம் விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

மரத்தின் வயதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கானலி தொடங்கிவைத்த தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதியை இன்றும் வெட்டாமல் காத்து வருகிறார்கள். வனத்துறைத் தோட்டங்களில் ஒரு தேக்கு வெட்டுக்கு வர ஐம்பது, அறுபது வருஷம் ஆகிறது. நமக்கு முந்தின தலைமுறை கொண்டாடிய பர்மா தேக்கும் இன்று பழைய மாதிரி வருவதில்லை. உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை அந்த நாடு 2014-இல் நிறுத்திவிட்டது. இப்போது ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் மரம் வருகிறது. பல வருஷம் வளர்ந்து, கடல் தாண்டி வந்த கட்டை, ஒரு பாய்லர் டீக்காகப் பத்து நிமிஷத்தில் சாம்பலாகிறது.

பழைய மரத்தின் அருமை தெரிந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். பச்சை மரத்தில் செய்தால் நாளாக நாளாக வெடிக்கும், வளையும், சுருதி மாறும். ஆகையால் பழைய வீடு இடித்த ஆச்சா உத்திரத்தைத் தேடிப் போய் வாங்குகிறார்கள். அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு வீட்டுக் கூரையைத் தாங்கிய கட்டை கோயிலில் மங்கல இசையாகிறது என்றால், ஒரு வாசல் நிலையின் துண்டு அடுக்களையில் ஒரு கிடுக்கியாக ஆகக் கூடாதா?

சின்னப் பொருள் செய்வது நம் தொழிலுக்குக் குறைவு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே குழந்தைகள் உருட்டி விளையாடும் சிறு தேர் வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் என்று அதைச் சொல்கிறார் புலவர். நம் தாத்தாக்கள் ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு நடைவண்டி செய்தார்கள். பருப்பு கடைய மத்து, படிக்கச் சிக்குப்பலகை, விளையாடப் பல்லாங்குழி, மசாலாவுக்கு அஞ்சறைப்பெட்டி எல்லாம் பெரிய வேலைக்கு நடுவே அவர்கள் கையில் பிறந்தவைதான். பிளாஸ்டிக் வந்தபிறகு நாம் கதவு, ஜன்னல், கட்டில் என்று நின்றுவிட்டோம். வீட்டுக்குள் நம் கை பட்ட பொருள் குறைந்துபோனது.

எதைச் செய்வது என்று கேட்பீர்கள். நான் செய்து கொடுத்து, அந்த வீடுகளில் இன்றும் புழக்கத்தில் இருப்பவை சிலவற்றைச் சொல்கிறேன். அளவெல்லாம் நம் கணக்குப்படி, அங்குலத்துக்கு 8 நூல்.

ஒரு வீட்டில் சமையலறை அலமாரி மாட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு ஆச்சி ஊறுகாய்ப் பாட்டிலை முந்தானையால் பிடித்துத் திருகிப் பார்த்தார். வரவில்லை. "நீ கொஞ்சம் திறந்து குடு, ஐயா" என்று என்னிடம் நீட்டினார். விரல் முட்டிகள் எல்லாம் வீங்கி இருந்தன. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் என்ன செய்வார் என்று தோன்றியது. மறுநாள் அந்த அலமாரியின் மீதிக் கட்டையிலேயே ஒரு மூடி திறப்பான் செய்தேன்.

6 அங்குலச் சதுரத்தில், 6 நூல் கனத்தில் ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்திலிருந்து ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுக்க வேண்டும். வாயில் மூன்றரை அங்குல அகலம், உள்ளே போகப் போகக் குறுகி 4 அங்குல ஆழத்தில் ஒரு அங்குலம். வெட்டின் இரண்டு உள்விளிம்பிலும் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டினேன். டியூப் இல்லையென்றால் 80 நம்பர் உப்புத்தாளும் போதும். அதை அலமாரியின் அடித்தட்டில் நான்கு ஸ்குரூ போட்டுக் கீழ்ப்பக்கமாக மாட்டினேன். தட்டின் கனத்தைப் பார்த்து ஸ்குரூவின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். முனை மேலே எட்டிப் பார்க்கக் கூடாது.

அதன் சூட்சுமம் எளியது. சின்ன மூடியோ பெரிய மூடியோ, வெட்டுக்குள் தள்ளிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இறுகி நின்றுவிடும். பிறகு பாட்டிலின் உடம்பை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். நாம் வழக்கமாக ஒரு கையால் பாட்டிலையும் மறு கையின் விரல்களால் மூடியையும் பிடிப்போம். ஆச்சிக்கு வலி அந்த விரல்களில்தான். விரல்களின் வேலையைக் கட்டை வாங்கிக்கொண்டது. அவர் முதல் தடவை தானே திறந்துவிட்டு, பாட்டிலை மறுபடி மூடி, மறுபடி திறந்து பார்த்தார். நான் செய்து கொடுத்த எந்தக் கட்டிலுக்கும் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

அடுத்தது அப்பளக் கிடுக்கி. ரீப்பர் துண்டு ஒன்று, 10 அங்குல நீளம், அங்குலச் சதுரம். இழை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். கணு இருந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள், அங்கேதான் முறியும். ஒரு முனையிலிருந்து 2 அங்குலம் விட்டு, நடுவில் 2 நூல் துளை போடுங்கள். மறு முனையிலிருந்து அந்தத் துளை வரைக்கும் இரண்டு வாள் ஓட்டு. நுனியில் 5 நூல் இடைவெளி, துளைக்கிட்டே 2 நூல் இடைவெளி. நடுத்துண்டு விழுந்ததும் இரண்டு கைகள் கிடைக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் நுனிகள் ஒன்றையொன்று தொடும்வரை வெளிப்பக்கத்தை இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். துளையை மறந்துவிடாதீர்கள். வெட்டு கூர்மையாக முடிந்தால் அங்கிருந்து விரிசல் ஓடும். வட்டத்தில் முடிந்தால் இழுவிசை ஓர் இடத்தில் குவியாமல் பரவிவிடும். இரும்புக் கிடுக்கி சுடும், கடாயைக் கீறும். மரம் இரண்டும் செய்யாது.

சூடான பாத்திரம் இறக்கிவைக்கக் கூட்டல் குறி போல ஒரு தாங்கி செய்யலாம். 7 அங்குல நீளத்தில், அங்குலச் சதுரத்தில் இரண்டு துண்டு. நடுவில் ஒன்றின் மேல்பாதியையும் மற்றதின் கீழ்ப்பாதியையும் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை இறக்க வேண்டும். கொட்டாப்புளியால் தட்டினால் இறங்க வேண்டும், கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. பழக வந்த தம்பிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கதவுச் சட்டத்தில் அவன் தவறினால் ஆயிரக்கணக்கில் நஷ்டம். துண்டுக் கட்டையில் பத்துத் தடவை தவறலாம், பதினோராவது தடவை கை பழகிவிடும்.

மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் செல்போன் தாங்கி செய்து கொடுங்கள். உள்ளங்கை அகலக் கட்டையில் 4 நூல் அகலம், 5 நூல் ஆழத்துக்குப் பின்பக்கம் சாய்ந்த ஒரு பள்ளம், சார்ஜர் ஒயருக்கு நடுவில் ஒரு வழி. அவ்வளவுதான். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆச்சி கீரை ஆயலாம்.

இனி கவனிக்க வேண்டியவை. இவற்றைக் கட்டாயம் படியுங்கள்.

துண்டுக் கட்டையை மெஷினில் விடாதீர்கள். ஒரு அடிக்குக் குறைந்த துண்டை வட்ட ரம்பத்திலும் பிளானரிலும் தள்ளப்போய்த்தான் நம்மில் பலருக்கு விரல் போயிருக்கிறது. சின்ன வேலைக்குக் கைவாளும் உளியும் போதும். அப்படியே, நீங்கள் செய்யும் முதல் பொருள் உங்கள் பட்டறைத் தம்பிக்காக இருக்கட்டும். பலகையை ரம்பத்துக்குத் தள்ளும் தள்ளுகோல். ஒரு அடி நீளம், நுனியில் பலகையைப் பிடிக்க ஒரு வெட்டு. விரல் போக வேண்டிய இடத்துக்குக் கட்டை போகும்.

அடுக்களைப் பொருளுக்குப் பிளைவுட்டும் எம்.டி.எஃப்பும் ஆகாது, அவற்றின் பசை சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பெயின்ட் அடித்த பழைய கட்டையும் ஆகாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூள் நம் மூக்கில்தான் ஏறும். துறைமுகத்திலிருந்து வரும் பேலட் கட்டையில் சுட்ட முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் விஷ வாயு ஏற்றியது, அதைத் தொடவே வேண்டாம். தார் எண்ணெய் ஊறின பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைக்கும் அதே தீர்ப்பு. தேக்கு, வேம்பு, மா, பலா, புளி என்று தெரிந்த மரமாக இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையை நம்பித்தானே அத்தனை வெட்டும் வெட்டுகிறார்கள்.

மேலே வார்னிஷ் வேண்டாம். 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகு, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும். அதை 220 நம்பரால் தேய்த்துவிட்டால், பிறகு எத்தனை தடவை கழுவினாலும் அவ்வளவாகச் சொரசொரக்காது. சாப்பிடத் தகுந்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, இரண்டு மூன்று வாரம் காற்றாட வைக்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கொதிக்கவைத்த எண்ணெயில் சீக்கிரம் காய மருந்து சேர்த்திருப்பார்கள், அது அடுக்களைக்கு ஆகாது. எந்த ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியையும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். மரத்தூள் நிறைந்த பட்டறையில் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. குழந்தைக்குச் செய்கிறீர்கள் என்றால், வாய்க்குள் போகிற அளவில் கழன்று விழும் எதையும் வைக்காதீர்கள்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது, கூலி யார் தருவா" என்று கேட்கும் அண்ணாச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரத் தாங்கிக்கும் கிடுக்கிக்கும் கை பழகிய ஆளுக்கு அரை மணி நேரம். கரண்ட் இல்லாத நேரத்தில் நாம் பட்டறை வாசலில் உட்கார்ந்து கழிக்கும் பொழுதே இதற்குப் போதும். கூலி கேட்காதீர்கள். கூலி வாங்கினால் அது இன்னொரு வேலை ஆகிவிடும். பட்டறைப் பெயரையும் செல் நம்பரையும் அதன்மேல் சுட்டு எழுதாதீர்கள். எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். எழுத வேண்டும் என்று ஆசை இருந்தால் அடிப்பக்கத்தில் சின்னதாக எழுதுங்கள்: எந்த மரம், வீட்டின் எந்தப் பாகம், எந்த வருஷம். நாம் எல்லாம் போனபிறகும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

எல்லாத் துண்டையும் காப்பாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். வெடித்தது, செல்லரித்தது, விரல் நீளம்கூட இல்லாதது எல்லாம் அடுப்புக்குத்தான் போகும். போகட்டும். நல்ல கட்டை ஒன்றாவது ஒவ்வொரு வீட்டு வேலையிலும் தப்பிக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று வாடிக்கையாளர்களுக்குப் பொரிப் பொட்டலம் கொடுக்கிறோம். இந்த வருஷம் இந்த மாதத்திலேயே மூலையைக் கிளறி, யார் வீட்டுக் கட்டை என்று நினைவிருக்கிற துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். நாலு வீட்டுக்காவது பொரியோடு ஒரு மரப்பொருளையும் சேர்த்துக் கொடுங்கள். மறுநாள் விஜயதசமிக்குப் புதிதாகத் தொழில் பழக ஒரு தம்பி வந்து நிற்பான். அவன் கையில் துடைப்பத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு துண்டுக் கட்டையையும் கைவாளையும் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அம்மாவுக்கு ஒரு பாத்திரத் தாங்கி செய்யச் சொல்லிக் கொடுங்கள். முதல் நாள் செய்த பொருளை அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு எடுத்துப்போகட்டும்.

அன்புடன்,
செங்கோட்டைப் பக்கத்திலிருந்து உங்களில் ஒரு தச்சன்